இரண்டு தொறு

தருமபுரிப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். ஏரிக்கரையில், புளியமரத்தடியில், சில இடங்களில் யாரோ ஒருவரின் மாந்தோப்புக்கு நடுவில், எண்ணெய் ஏறிக் கறுத்து நிற்கும். வில்லும் குறுவாளுமாக ஒரு வீரன், சில கற்களில் காலடியில் மாடு. பழைய கல்லில் எழுத்து இருந்தால் அது வட்டெழுத்தாக இருக்கும். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவை மீட்டு இன்னார் பட்டார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாட்டைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று நான் வருடா வருடம் வகுப்பில் நடத்திய பாடம், பென்னாகரம் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நூறடி உள்ளே நடந்தால் கல்லாக நின்றது.

2012 கோடை விடுமுறையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பதிவேடு போடத் தொடங்கினோம். 1970களில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்களைத் தேடிப் படித்து நூல்களாக வெளியிட்டிருந்தது. நாங்கள் செய்ய நினைத்தது அதைவிட எளிய வேலை. கல் எந்த ஊரில் யார் நிலத்தில் நிற்கிறது, யார் கும்பிடுகிறார்கள், ஊரார் என்ன கதை சொல்கிறார்கள், எழுத்து இருந்தால் எங்களால் படிக்க முடிந்தது என்ன, இவ்வளவுதான். சாலை அகலமாகிக்கொண்டும் ஏரிக்கரை உயர்ந்துகொண்டும் இருக்கிற மாவட்டத்தில் இன்று நிற்கிற கல் அடுத்த வருடம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளைக்கூட விடாமல் அலைந்தோம்.

நான் அப்போது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். இரண்டாமவர் தருமபுரியில் டிடிபி கடை வைத்திருந்த அண்ணன். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர், விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார். மூன்றாமவள் என்னிடம் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்த மாணவி. நான்காவது, பெங்களூரில் புத்தக வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஊருக்கு வரும் தம்பி. ஐந்தாமவர் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். கணினியைத் தொட்டவர் அல்ல. ஆனால் எந்த ஏரி எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வோம்.

ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு பெட்டி வந்தது. அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்டதைத் தம்பி விலைக்கு வாங்கிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். கடையின் ரவுட்டரில் சொருகினால் கடைக்குள் இருக்கும் எல்லாக் கணினிக்கும் அது ஒரே அலமாரி. யார் வைத்தாலும் அதில்தான், யார் எடுத்தாலும் அதில்தான். முதல் நாள் அதைப் பார்த்துப் பெரியவர், "இது நம்ம தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம் மாதிரிங்க சார்" என்றார். பின்னால் பலமுறை எனக்கு அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது.

கடைக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி. மாணவியிடம் இருந்தது அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பென் டிரைவ் வழியாக வந்த வைரஸ் விண்டோஸ் பக்கத்தைப் படுத்தி எடுத்ததால் அவள் பாஸ் பக்கம் குடிபோய்விட்டாள். தம்பியிடம் மேக். பெட்டிக்குள் ஓடியதும் லினக்ஸ்தான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்படி எல்லா வகையும் ஒரே அறையில் கூடுவது நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. 2007 வாக்கில் சி. உமாசங்கர் அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசுக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் கொண்டுபோக முனைந்தார். அது எட்டிய இடமும் உண்டு, எட்டாத இடமும் உண்டு. எட்டியதும் எட்டாததும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரே கோப்பைத் திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் நாங்கள் பட்டு அறிந்தது.

முதலில் எழுத்து. அண்ணன் முதல் இருபது கற்களின் விவரத்தை அடித்துப் பெட்டியில் வைத்தார். மாணவி திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கீறலுமாகக் குப்பை. "சார், ஃபைல் கெட்டுப்போச்சுங்க" என்றாள். கெடவில்லை. அண்ணன் அடித்தது வானவில் ஔவையார் எழுத்துருவில். அரசு அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் அந்த எழுத்துருதான். அப்படிப்பட்ட பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களைத்தான் சேமிக்கிறது. அந்த எண்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும்.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழ்நாடு அரசு யுனிகோடையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டிருந்தது. எங்கள் கடைக்கு அந்த ஆணை வந்து சேர இரண்டு வருடம் கழிந்திருந்தது. அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அவருடைய வயிற்றுப்பாடு பேஜ்மேக்கரில் ஓடியது, பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் விழா மலர் எல்லாம் அதில்தான். நாங்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் பதிவேட்டுக்கு மட்டும் யுனிகோடுக்கு வந்தார். என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு முறையையே வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்ததை இன்னும் மறக்கவில்லை. இருபது வருடம் பழகிய விரலை மாற்றச் சொல்வது சாதாரணமா?

அடுத்து நடந்ததுதான் என் நெஞ்சில் தங்கிவிட்டது.

பதிவேடு அப்போது ஒரே கோப்பு. நாற்பது கற்கள், ஒரு நீண்ட அட்டவணை. ஒரு சனிக்கிழமை காலை மாணவி கடைக்கு வந்து தன் மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸில் அதைத் திறந்து, ஊர்க்கதைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கோப்பை மூடாமல் சாப்பிடப் போனாள். அந்த நேரத்தில் நான் வந்தேன். முந்தைய இரவு பென்னாகரம் பக்கம் ஒரு ஏரிக்கரையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு கல்லைப் படித்திருந்தேன். வட்டெழுத்தைப் பகல் வெளிச்சத்தில் படிப்பதைவிட இரவில் சாய்ந்த வெளிச்சத்தில் படிப்பது மேல். தேய்ந்த கீறலிலும் நிழல் விழும். நோட்டுப் புத்தகத்தில் முன்பு பகலில் தவறாகப் படித்து எழுதிய பெயர் இருந்தது. சரியான பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்து, கடைக் கணினியில் வேர்டில் பதிவேட்டைத் திறந்து, அந்தப் பெயரோடு சேர்த்துப் பதினொரு கற்களுக்குத் திருத்தம் போட்டேன். கணினி ஒரு வார்த்தை தடுக்கவில்லை. சேமித்தேன், மூடினேன், வீட்டுக்குப் போனேன்.

மாலையில் மாணவி தன் வேலையை முடித்துச் சேமித்தாள். என் பதினொரு திருத்தமும் போயின.

ஏன் தடுக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. ஒரு கோப்பை ஒருவர் திறந்திருக்கிறார் என்பதை அடுத்தவருக்குச் சொல்ல ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு வழக்கம். வேர்டு, பெட்டியிடமே நேராகக் கேட்டு உரிமை வாங்கும்: நான் முடிக்கும்வரை இதில் வேறு யாரும் எழுதக் கூடாது என்று. கூடவே அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் போட்ட ஒரு சிறு கோப்பில் திறந்தவரின் பெயரை எழுதி வைக்கும். லிப்ரே ஆபீஸும் ஒரு சிறு கோப்பை வைக்கும், ஆனால் அதன் பெயர் புள்ளியில் தொடங்கும். நடுவில் லாக் என்ற சொல் வரும். எங்கள் கடையில் அன்றிருந்த பதிப்புகளில் ஒன்று வைத்த சீட்டை மற்றது தேடிப் பார்ப்பதில்லை. லினக்ஸ் மடிக்கணினி பொது அலமாரியைத் திறந்த வழியில், பெட்டியிடம் நேராகப் பூட்டு வாங்குவதும் நடக்கவில்லை. ஆக, மாணவி தன் பாஷையில் கதவில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். எனக்கு அந்தப் பாஷை படிக்கத் தெரியவில்லை. இருவர் கண்ணிலும் படாமல் அந்தச் சீட்டுகள் மறைகோப்புகளாக இருந்தன என்பது இன்னொன்று.

மாலையில் அவள் சேமித்தபோது, திறந்த பிறகு இந்தக் கோப்பு மாறியிருக்கிறது, உங்கள் பிரதி மற்றவர் செய்ததை அழித்துவிடும், சேமிக்கலாமா என்று அவள் திரை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. வேர்டு வடிவக் கோப்பை லிப்ரே ஆபீஸில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும், இதே வடிவத்தில் வைக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஒரு நாளைக்கு முப்பது முறை அதற்குச் சரி சொல்லிப் பழகிய கை அன்று இதற்கும் சரி சொல்லிவிட்டது. அடுத்த வாரம் விஷயம் தெரிந்ததும் அவள் அழுதாள். "உன் தப்பு இல்ல கண்ணு" என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. உண்மையாகவே அவள் தப்பு இல்லை. ஐந்து பேர் ஒரு ஏட்டில் எழுதப் போகிறோம், யார் எப்போது எழுதுவது என்று பேசிக்கொள்ளாமல் தொடங்கியது பெரியவர்களான எங்கள் தப்பு.

பதினொன்றில் பத்தை நோட்டுப் புத்தகத்திலிருந்தும் நினைவிலிருந்தும் மீட்டோம். அந்தப் பத்தையும் மறுபடி கல்லோடு ஒப்பிட்டோம். பதினொன்றாவது அந்த ஏரிக்கரைக் கல். திரும்பப் போனபோது கரையை உயர்த்தியிருந்தார்கள். புது மண் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வேடியப்பன் உள்ளாரதான் கீறாரு" என்று மண்ணைக் காட்டினார். என்னிடம் இருந்த புகைப்படத்தில் பெயர் வரும் வரி மங்கல். படித்தது நினைவிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எழுத்து மாறி மாறி வந்தது. நினைவில் இருப்பதைக் கல்லில் இருப்பதாக எழுதக் கூடாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம். ஊர் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்ட ஒருவனின் பெயர் மறந்துபோகக் கூடாது என்றுதான் அந்த ஊர் அந்தக் கல்லை நட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கல் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. எங்கள் கையில் அது ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

அந்த வருடம் கரண்ட் வேறு. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாளில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. மடிக்கணினி பேட்டரியில் ஓடும், பெட்டி அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கிறவர் எதில் சேமிப்பது? கரண்ட் வந்ததும் இன்னொரு தொல்லை. முறையாக மூடாததால் பூட்டுச் சீட்டுகள் பெட்டியிலேயே தங்கிவிடும். யாரும் திறந்திராத கோப்பை, இன்னார் திறந்திருக்கிறார், வாசிக்க மட்டும்தான் முடியும் என்று கணினி சொல்லும். அந்த இன்னார் பாப்பாரப்பட்டியில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இப்படி நாலு முறை பொய் சொன்ன பூட்டை ஐந்தாம் முறை யார் மதிப்பார்கள்? மறைகோப்பைக் காட்டச் சொல்லி, சீட்டைத் தேடி அழிக்கப் பழகிக்கொண்டோம். உண்மையாகப் பூட்டியிருந்த நாளிலும் அழித்தோம்.

2013 தைப் பொங்கலுக்குப் பிறகு நடந்தது விநோதம். மாட்டை மீட்ட கதை வரும் கற்களையெல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்து அதற்குத் தொறு என்று பெயரிட்டிருந்தோம். தம்பி அதைத் தன் மேக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் படங்களைச் சீர்செய்து ஜிப் செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். மாணவி தன் பாஸ் கணினியில் அதைப் பிரித்துப் பொதுப் பெட்டியில் போட்டாள். பழையதன் மேல் போய் உட்கார வேண்டியது உட்காரவில்லை. பெட்டியில் தொறு என்று இரண்டு ஃபோல்டர் தெரிந்தது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாது என்று நாங்கள் படித்திருந்தோம். ஆனால் இருந்தது. மூன்று வாரம் பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் மற்றதிலும் எழுதினோம். பெரியவரிடம் சொன்னபோது, "ஒரு சர்வே நம்பருக்கு ரெண்டு பட்டா" என்றார். அவர் பணிக்காலத்தில் அதைவிட மோசமான வழக்கு இல்லை.

மாணவிதான் கண்டுபிடித்தாள். கல்லூரியில் ஒரு சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்தபடி இரண்டு பெயரையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றில் 12 பைட். மற்றதில் 15.

தமிழாசிரியனாக எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தொ என்பதை எப்படி எழுதுகிறோம்? ஒற்றைக்கொம்பு, த, துணைக்கால். யுனிகோடில் அந்த ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியாக ஓர் எண்ணில் இருக்கிறது. அதையே கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று யுனிகோடே வகுத்திருக்கிறது. திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் அன்றைய மேக் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். விண்டோஸும் லினக்ஸும் நாம் அடித்ததை அடித்தபடியே வைத்துக்கொள்ளும், பிரிக்கவும் செய்யாது, சேர்க்கவும் செய்யாது. தமிழில் யுனிகோடின் ஒவ்வொரு குறிக்கும் லினக்ஸ் கோப்புப் பெயரில் மூன்று பைட். த, ஒகரம், ற, உகரம் என்றால் நான்கு குறி, பன்னிரண்டு. கொம்பும் காலும் பிரிந்தால் ஐந்து குறி, பதினைந்து. தம்பியின் தொறு பிரிந்த தொறு, எங்கள் தொறு சேர்ந்த தொறு. பெட்டிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

இது ஒகர, ஓகார, ஔகாரங்களில் எல்லாம் நடக்கும். எங்கள் ஊரில் இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தகடூர் அதியமான் நாடு இது. நெல்லிக்கனி கதையைச் சொல்லாத பள்ளி இந்த மாவட்டத்தில் இல்லை. அதனால் ஔவையார் பெயர் எங்கள் ஊர்க்கதைக் குறிப்புகளில் அடிக்கடி வரும். ஔ என்ற எழுத்து ஒரே எண்ணாக இருக்கலாம். ஒ என்ற எழுத்தும் ஔகாரச் சிறகுக் குறியுமாக இரண்டு எண்ணாக இருக்கலாம். மூன்றாவதாக, ஒ அடித்துப் பக்கத்தில் ள என்ற எழுத்தையே அடித்துவிடுகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு அதுவும் கிட்டத்தட்ட அதேதான். பதிவேட்டில் ஔவையார் என்று தேடினால் கிடைப்பது மூன்றில் ஒரு வகை மட்டும். தகடூரிலேயே ஔவையாரைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதை நான் எந்த வகுப்பில் போய்ச் சொல்வேன்?

அன்று மாலை டீ குடித்துக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்தோம். கணினி தெரிந்த மூவரும் எந்த மென்பொருளை மாற்றலாம் என்று பேசினார்கள். எல்லோரும் ஒரே இயங்குதளத்துக்கு வந்துவிடலாம் என்றார் அண்ணன். மேக்கை விட்டால் தம்பிக்குச் சோறு இல்லை, பாஸை விட்டால் மாணவிக்கு வைரஸ், எக்ஸ்பியை விட்டால் அண்ணனின் பேஜ்மேக்கர் ஓடுமா என்று தெரியாது. பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பெரியவர் பேசினார்.

"நான் சர்வீஸ்ல இருந்தப்ப அடங்கல்ல ரப்பர் போட்டதே கெடையாதுங்க. தப்பா எழுதிட்டா ஒரே கோடு, கீழ இருக்கறது படிக்கற மாதிரி. மேல சரியானத எழுதி, சுருக்கொப்பம், தேதி. ஒரு கிராமத்துக்கு ஒரு புக்கு. அந்தப் புக்கு யார்கிட்ட இருக்குன்னு எழுதி வாங்காம கொடுத்ததும் இல்ல."

அவர் சொன்னதை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தோம். நீண்ட அட்டவணையை உடைத்தோம். ஒரு கல்லுக்கு ஒரு கோப்பு. நாற்பது கல் நாற்பது கோப்பு என்றால் இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் மோதுவதே அரிதாகிவிடும். எதையும் அழிப்பதில்லை. பழைய பாடத்தின் மேல் கோடு, பக்கத்தில் புதியது, எழுதியவரின் முதல் எழுத்து, தேதி. பூட்டுக்குக் கணினியை நம்புவதை விட்டோம். கடைச் சுவரில் ஒரு சிலேட்டு. கோப்பு எண், எடுத்தவர் பெயர். கடையில் இல்லாத தம்பிக்கு மிஸ்டு கால். ஒரு முறை அடித்தால் எடுத்திருக்கிறோம், இரண்டு முறை அடித்தால் வைத்துவிட்டோம். காசும் ஆகாது, கரண்டும் வேண்டாம். அதன் பிறகு ஒரு திருத்தம்கூடத் தொலையவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு வலித்தது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதை நிறுத்தினோம். 001, 002 என்று எண்கள். எண்ணில் கொம்பும் கிடையாது, காலும் கிடையாது, எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் அது அதுவாகவே இருக்கும். சரியான முடிவுதான், இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தொறு என்ற சொல்லை அந்த ஃபோல்டரின் மேலிருந்து எடுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழ்ப் பெயர் வைத்தால் கோப்பு தொலையும் என்ற பயம் ஒரு தமிழ்ப் பதிவேட்டுக்கு வந்திருக்கக் கூடாது. 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த புதிய கோப்பு முறை, கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது, பிரித்ததையும் சேர்த்ததையும் ஒன்றாகவே பார்க்கிறது என்று தம்பி பிறகு சொன்னார். எங்கள் எண்கள் அதற்குள் ஊறிப்போயிருந்தன.

பொதுப் பெட்டிக்குள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நிரலின் பெயர் சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர் 1992-இல் வெளியிட்டது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி என்ற முறையைத் தானே ஆராய்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடி அந்தப் பெயரை வைத்தாராம். கழிவுக்குப் போன ஒரு பெட்டி தருமபுரி சந்தில் ஆறு வருடம் எங்களுக்கு உழைத்ததற்கு, முகம் தெரியாத அந்த மனிதரும் அவருடன் சேர்ந்தவர்களும் காரணம். நன்றி சொல்ல வேறு இடம் இல்லாததால் இங்கே சொல்கிறேன்.

பெட்டி ஓய்ந்ததும் ஒரு செய்தி. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தாக்குதல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது பரவியது எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பின் ஓட்டை வழியாக. அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் இயல்பாக நிறுவுவதை நிறுத்தியது. எங்கள் பெட்டிக்கு அது ஒன்றுதான் தெரியும். 2018-இல் அண்ணன் வாங்கிய புதுக் கணினி அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. மாணவியின் பழைய மடிக்கணினி வழியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்று பிரதி போட்டோம். அதற்குள் ஜியோ வந்து இணையம் மலிந்திருந்தது. இப்போது பதிவேடு இணையத்தில் இருக்கிறது. இருவர் ஒரே வரியில் எழுதினாலும் இருவரின் எழுத்தும் கண்ணெதிரே சேர்கிறது, யார் எப்போது திருத்தினார் என்பதும் தங்குகிறது. சித்தேரி மலைப்பக்கம் சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் போகும்போது மட்டும் பழைய வழி: ஒரு கல், ஒரு கோப்பு, திரும்பியதும் சேர்ப்பது.

அந்தச் சிலேட்டை அண்ணன் எடுத்து வைத்திருக்கிறார். பெரியவர் இப்போது இல்லை. கடைசியாக அவர் கையால் எழுதிய கோப்பு எண் 034 அதில் மங்கலாக இருக்கிறது. 027 என்ற கோப்பைத் திறந்தால் வீரனின் பெயர் என்ற இடம் காலி, பக்கத்தில் என் முதல் எழுத்தும் தேதியும்.

அண்ணனும் சென்ற வருடம் கடையை மூடிவிட்டார். மூடுவதற்கு முன் பழைய எக்ஸ்பி கணினியை ஒரு வாரம் ஓடவிட்டு, வானவில்லில் அவர் இருபது வருடமாக அடித்தவற்றை எடுத்தோம். கோயில் தலவரலாறுகள், பள்ளி வெள்ளிவிழா மலர்கள், ஊர்த் திருவிழாவில் யார் யாருக்கு என்ன மரியாதை என்ற பட்டியல்கள். அச்சடித்த பிரதி ஊரில் எவரிடமும் இல்லாதவை அதில் எத்தனையோ. மாணவி இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, யுனிகோடுக்கு மாற்றியதை என்னோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கிறாள். ஔவையார் மூன்று வடிவில் வருவதை ஒன்றாக்குவது என் வேலை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு டிடிபி கடை இருந்திருக்கும். மூடியிருந்தால் அதை நடத்தியவரின் வீடு எங்கே என்று விசாரியுங்கள். பரணில் ஒரு பழைய கணினி கிடக்கும். ஹார்டு டிஸ்க் சுழலும்போதே அதில் உள்ளதை எடுத்துவிடுங்கள். கோப்புகளோடு எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள், எழுத்துரு இல்லாமல் அந்தத் தமிழைப் படிக்க முடியாது. இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்த மழைக்காலம் வரை தள்ளிப் போடாதீர்கள்.